பதினெட்டாவது இரும்பு

வவுனியா நீதவான் நீதிமன்ற வாசலில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிடுவதுதான் நான் இருபத்தாறு வருடம் செய்த உத்தியோகம். கோட்டு ஆராச்சி என்பார்கள். பெரிய படிப்புத் தேவையில்லை. நல்ல தொண்டை வேண்டும், சுணங்காமல் எழும்பும் கால் வேண்டும். ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாம் தரமும் ஆள் வராவிட்டால் பிடியாணைதான். வழக்காளியோ, அழைப்பாணை கிடைத்த சாட்சியோ, யாராக இருந்தாலும் சரி. அதனால் என் சத்தம் கேட்டு விழுந்தடித்து ஓடி வந்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். வீட்டில் மனைவி மெதுவாகக் கதைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

சாட்சிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வாசலில் நிற்கும்போது பத்து வருடக் கதையை நாள் நேரத்தோடு சொல்கிறவர், கூண்டில் ஏறியதும் தன் வீட்டு இலக்கத்தையே மறந்துவிடுவார். இன்னொருவர் எவன் கடைசியாகத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தானோ அவன் பக்கம் சாய்ந்து நிற்பார். இவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை தேய்ந்தது என்று நினைத்தால் கோபம் வரும். ஆனால் நீ கூப்பிட்டதிலேயே நல்ல சாட்சி யார் என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதில்லை. பாவற்குளம் நேசமலர். வழக்குப் புத்தகத்தில் அவர் வெறும் “முறைப்பாட்டுத் தரப்புச் சாட்சி இரண்டு”. அது போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நேசமலரின் தகப்பன் ஏரம்பு வடமராட்சிக்காரர். குளத்தைத் திருத்திக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் கிடைக்கும் என்று வந்தவர். அங்கே புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவருக்கு இங்கே மாடு தெரியாது. வந்த பிறகுதான் பழகினார். பழகி, கடைசியில் அந்தக் குடியேற்றத்தில் மாடுகளுக்குக் குறி சுடுகிறவரே அவர்தான் என்று ஆனது.

வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுப் பக்கம் துரத்திவிடுவார்கள். எல்லோருடைய மாடும் ஒன்றாகக் கலந்து மேயும். ஆறு மாதம் கழித்துப் பிடித்துவரும்போது எது யாருடையது என்று சொல்வது பின்தொடையில் கிடக்கும் எழுத்துத்தான். குடும்பத்துக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஓர் இரும்பு. பதினேழு குடும்பம், பதினேழு இரும்பு. அத்தனையும் ஏரம்பு வீட்டுக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஆணியில் தொங்கும். இரும்பு அவரவர் வீட்டில் இருந்தால் காட்டில் ஆளில்லாத இடத்தில் அடுத்தவன் மாட்டுக்கும் சூடு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சொந்தக்காரனே வந்து கேட்டாலும் இரும்பு அந்த வீட்டை விட்டு வெளியே போகாது. சுடுகிறவரின் கையோடு போய் அந்தக் கையோடுதான் திரும்பும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் நடந்தது.

ஏரம்பு தொண்ணூற்று நான்கில் செத்தார். மகன்மாரில் ஒருவன் கனடாவில், மற்றவன் கொழும்பில். இனி இரும்பை யார் வைத்திருப்பது என்று ஆண்கள் எல்லோரும் முற்றத்தில் கூடிக் கதைத்துக்கொண்டிருக்க, முப்பது வயது நேசமலர் பழுக்கக் காய்ந்த இரும்பை நெருப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போய் கட்டிப்போட்டிருந்த கன்றுக்குச் சுட்டுவிட்டு வந்தாராம். சூடு கோணவில்லை, தோல் கிழியவில்லை, மஞ்சளும் எண்ணெயும் பூசியாயிற்று. கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தார், நாலு மாடு வளர்த்தார், மாசி பங்குனியில் ஊர்க் கன்றுகளுக்கெல்லாம் குறி சுட்டார்.

அந்தக் குத்தகை வயல் வீரையாவுடையது. அந்தப் பக்கத்தில் பெரிய பட்டி அவருடையதுதான், எண்பது மாட்டுக்குக் குறையாது. அவருடைய எழுத்து “வீ”.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று பாதை திறந்ததும், குளத்துக்கு மேற்கே இருந்த முஸ்லிம் ஊருக்கு ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஹமீட் ஒருவர். மனைவி நாச்சியாவோடு வந்து, இடிந்த வீட்டுக்குத் தகரம் போட்டு, மதவாச்சிப் பக்கத்தில் வாங்கிய இரண்டு மாடுகளோடு திரும்பத் தொடங்கினார். அதில் ஒன்று நெற்றியில் சுட்டி உள்ள செவலைப் பசு. நாளுக்கு ஆறு போத்தல் பால் கறக்கும். குறி எதுவும் இல்லாத மாடு. வாங்கியதற்கு எழுதிக் கொடுத்த துண்டு, முதல் மாரியிலேயே ஒழுக்கில் நனைந்து கூழாகிவிட்டது.

இரண்டாயிரத்து மூன்று வைகாசியில் அந்தச் செவலை காணாமல் போனது. பதினொரு நாள் கழித்துத் தானாக வந்து நின்றது. பின்தொடையில் புண். யாரோ சூடு வைத்திருக்கிறார்கள். ஹமீட் வேப்பெண்ணெய் பூசிவிட்டுப் பேசாமல் இருந்தார். அப்போதுதான் திரும்பி வந்த மனிதர், அக்கம்பக்கத்தோடு வில்லங்கம் வேண்டாம் என்று நினைத்தார். அந்த நினைப்புத்தான் அவரைக் கூண்டில் ஏற்றியது. புண் ஆறி எழுத்துத் தெளிந்த பிறகு, ஆவணியில், வீரையா பொலிஸோடு வந்து நின்றார். தொண்ணூற்றெட்டில் தான் கன்றாகக் குறி சுடுவித்த மாடு இது, தொண்ணூற்றொன்பது இடம்பெயர்வில் தொலைந்தது, இவன் களவெடுத்து வைத்திருக்கிறான் என்றார்.

இனிக் கோட்டுக் கதை. முறைப்பாடு கொடுத்தவர் முறைப்பாட்டாளர். பிடிபட்டவர் முதலில் சந்தேக நபர். குற்றப்பத்திரிகை வாசித்த பிறகு எங்கள் புத்தகத்தில் அவரை எதிரி என்று எழுதுவோம். ஹமீட் பதினாலு நாள் விளக்கமறியலில் இருந்தார். பிறகு இரண்டு ஆட்பிணையில் வெளியே வந்தார். குற்றத்தை வாசித்துக் காட்டி, குற்றவாளியா சுற்றவாளியா என்று நீதவான் கேட்டார். குற்றம் செய்யாதவன் என்பதற்கு எங்கள் கோட்டில் சுற்றவாளி என்றுதான் சொல்வது. ஹமீட் சுற்றவாளி என்றார். மாடு சான்றுப்பொருள் ஆனது. வீரையாவின் இரும்பையும் நேசமலர் வீட்டிலிருந்து பொலிஸ் எடுத்துவந்து சான்றுப்பொருள் ஆக்கியது. வழக்கு முடியும்வரை மாட்டை வீரையாவிடமே பிணையில் விட்டார்கள்.

ஹமீட்டுக்காக வந்தவர் சட்டத்தரணி யோகநாதன். பதில் தெரியாத கேள்வியை வாழ்க்கையில் கேட்டதில்லை என்று பெருமை பேசுகிற மனிதர். தேத்தண்ணிக் கடையில் அவரும் ஹமீட்டும் கதைத்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மறியலுக்குப் போறது பெரிசில்ல ஐயா,” என்றார் ஹமீட். “நாப்பது குடும்பம் இப்பதான் திரும்பி வந்திருக்கு. களவு மாடு வளக்கிற ஊருண்டு பேர் வந்தா ஒருத்தனும் எங்களக் குளத்துப் பக்கம் விடமாட்டான். எல்லாரும் திரும்பப் புத்தளம்தான் போகணும்.”

யோகநாதன் தேத்தண்ணியை ஊதினார். “குறி சுடுற மனுசி அது தன்ர இரும்பின்ர குறிதான் எண்டு பொலிசுக்கு வாக்குமூலம் குடுத்திருக்கிறா. அதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது?”

உண்மைதான். ஒரு பொலிஸ்காரர் குறியின் படத்தைக் காட்டி இது உங்கள் இரும்பா என்று கேட்டார். ஓம் என்று நேசமலர் கையெழுத்து வைத்தார். மாட்டைக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கு மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கு விளக்கம் தொடங்கியது. காலையிலேயே வீரையாவின் ட்ரக்டர் பெட்டியில் செவலை வந்து இறங்கியது. தனி மாடு பெட்டியில் நிற்காது, துள்ளி விழுந்து காலை முறித்துக்கொள்ளும் என்று மாடு வளர்க்கிறவர்கள் துணைக்கு ஒன்றையும் ஏற்றுவது வழக்கம். வீரையாவும் தன் பட்டியிலிருந்து சாதுவான ஒரு கிழட்டு வெள்ளைப் பசுவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டையும் கோட்டு வளவு வேம்பில் கட்டினார்கள். அரை மணித்தியாலத்தில் பதிவாளர் நட்ட குரோட்டன் முழுவதையும் செவலை மொட்டையடித்துவிட்டது. பதிவாளரின் பேச்சு எனக்குத்தான் விழுந்தது. சான்றுப்பொருளுக்குச் சாட்டை அடிக்க முடியுமா?

நேசமலர் ஏழரை மணி பஸ்ஸில் வந்தார். பச்சைச் சேலை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, கையில் பழைய சூட்டுத் தழும்புகள். கோட்டு வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் பயந்த முகமில்லை. தன் இரும்புக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் அல்லவா.

முதல் சாட்சியாக வீரையாவைக் கூப்பிட்டேன். ஒருவர் சாட்சி சொல்லும்போது அடுத்தவர் கேட்கக்கூடாது என்பதால் நேசமலரை வெளியே வேம்புப் பக்கம் இருத்தினேன். உள்ளே வீரையா கன்றாகச் சுட்டது, இடம்பெயர்ந்தது, தேடித் திரிந்தது எல்லாவற்றையும் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல சாட்சி என்று நானே நினைத்தேன். வெளியே எட்டிப் பார்த்தால் நேசமலர் செவலையின் பின்னால் நிற்கிறார். தொடையில் விரலை வைத்து அளக்கிறார். பிறகு வெள்ளைப் பசுவிடம் போய் அதன் தொடையிலும் கையை விரித்து வைத்தார். திரும்பவும் செவலை. பிறகு வேம்பின் வேரில் இருந்துவிட்டார். பஸ்ஸால் இறங்கி வந்தபோது இருந்த முகம் இப்போது இல்லை.

வீரையா சாட்சி சொல்லி முடித்து வெளியே வந்ததும் நேரே அவரிடம்தான் போனார்.

“நேசம், கேக்கிறதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா. ட்ரக்டரிலேயே போவம். அடுத்த போகத்து வயல் கதையும் ஒண்டு கிடக்கு.”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “சாட்சி சொன்னவர் சொல்லாத சாட்சியோட கதைக்கக் கூடாது. அங்கால போங்கோ,” என்று என் கோட்டுக் குரலில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது.

நேசமலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆராச்சியார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் காணுமோ?”

இருபது வருடமாக எல்லாச் சாட்சிக்கும் நான் சொல்லும் புத்தி ஒன்று இருந்தது. அதையே சொன்னேன். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. மிச்சத்தை விழுங்குங்கோ. வில்லங்கம் இல்லை.” அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உள்ளே போய், வெளியே வந்து, கூப்பிட்டேன். நேசமலர். அவர் வேம்படியில் இருந்து அசையவில்லை. இரண்டாம் தரம். எழுந்து நின்றார், வரவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்தார். போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன். மூன்றாம் தரம் கூப்பிட வாயைத் திறந்தேன். அதன் பிறகு பிடியாணை. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தார்.

கூண்டில் ஏறியதும் கோட்டு முதலியார் உறுதியுரையைச் சொல்லிக் கொடுத்தார். முதலியார் என்பவர் கோட்டில் மொழிபெயர்ப்பதும் உறுதியுரை எடுப்பிப்பதும் சாட்சி சொல்வதை எழுதுவதும் செய்கிறவர். உண்மையைச் சொல்வேன், முழு உண்மையையும் சொல்வேன், உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன். நேசமலர் “முழு உண்மையையும்” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்ததும் முதலியார் சொல்லிக் கொடுத்ததும் ஒத்துவரவில்லை. நான் சீலிங்கைப் பார்த்தேன்.

பொலிஸ் தரப்பில் வழக்கை நடத்திய சார்ஜன்ற் எழுந்தார். தன் பக்கத்துச் சாட்சியைக் கேட்பது பிரதான விசாரணை. அது நாலு கேள்வியில் முடிந்தது. நீங்கள் குறி சுடுகிறவரா? ஓம். சான்றுப்பொருளாக உள்ள இந்த இரும்பு உங்கள் பொறுப்பில் இருந்ததா? ஓம். வீரையாவின் கன்றுகளுக்கு நீங்கள் சுடுவதுண்டா? ஓம். வெளியே நிற்கும் மாட்டில் உள்ளது இந்த இரும்பின் குறியா?

“ஓம். இந்த இரும்பின்ர குறிதான்.”

சார்ஜன்ற் இருந்துவிட்டார். வழக்கு முடிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இனி யோகநாதனின் முறை. மறுதரப்புச் சாட்சியைக் கேட்பது குறுக்கு விசாரணை. அவர் எழுந்து கடதாசியைப் புரட்டினார். திரும்பி எதிரிக் கூண்டைப் பார்த்தார். ஹமீட் தலையை ஆட்டினார், கேளுங்கோ என்பது போல. யோகநாதன் அன்றைக்குத்தான் பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

“அம்மா, இந்தக் குறியை நீங்களோ சுட்டனீங்கள்?”

“இல்லை.”

சார்ஜன்ற் கதிரையில் நிமிர்ந்தார். வாங்கில் இருந்த பாவற்குளத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோகநாதன் திரும்பவும் கடதாசியைப் புரட்டினார். நீதவான் பேனையை வைத்துவிட்டு, “உங்கள் இரும்பு, நீங்கள் சுடவில்லை. அது எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“ஐயா, கண்டில சுடுற குறி மாட்டோட சேர்ந்து வளரும். தோல் இழுபட எழுத்தும் இழுபடும். நான் வீரையா அண்ணையின்ர கண்டுக்கு நாலு விரலுக்குத்தான் சுடுறனான். மாடு வளர அது ஒரு சாணுக்கு வந்திடும். வளந்த மாட்டுக்குச் சுட்டால் சுட்டபடியே கிடக்கும். இந்தச் செவலையில கிடக்கிறது நாலு விரல். கண்டாச் சுட்ட குறி இல்லை ஐயா. வளந்தாப் பிறகு சுட்டது. வந்து வைச்சுப் பாருங்கோ.”

நீதவான் எழுந்தார். கோட்டே எழுந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு நீதவான் வழக்கின் நடுவில் கறுப்பு அங்கியோடு வேம்படிக்கு இறங்கி வந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இரும்பை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். குளிர்ந்த இரும்பை நேசமலர் செவலையின் குறிமேல் வைத்தார். பானைக்கு மூடி போட்டது போல இருந்தது. ஒரு நூல் கூட வெளியே தெரியவில்லை. பிறகு அவர் வெள்ளைப் பசுவைக் காட்டினார்.

“இது வீரையா அண்ணையின்ர பட்டிதான் ஐயா. இதுக்கு நான் சுட்டது. அப்ப இதுக்கு ஒரு வயசு.”

அதே இரும்பை அந்தக் குறிமேல் வைத்தார். இரும்பு எழுத்துக்குள்ளே தொலைந்து போனது. சுற்றிவர இரண்டு விரல் இடம். துணைக்கு என்று வீரையா தன் கையாலேயே ஏற்றிக்கொண்டு வந்த மாடு, உறுதியுரை எடுக்காமலே சாட்சி சொல்லிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வளவுக்குள் சிரிக்கக்கூடாது என்று மற்றவர்களை அதட்டுகிறவன் நான்.

திரும்ப உள்ளே போனதும் சார்ஜன்ற் சூடாக எழுந்தார். இவர் எங்கள் தரப்புக்கு எதிராகப் பேசுகிறார், பாதகமான சாட்சி என்று கருதி நாங்களே இவரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றார். சாட்சி உங்களுக்குச் சொன்ன எதையும் மாற்றவில்லை, நீங்கள் கேட்காததைத்தான் சொல்லியிருக்கிறார் என்று நீதவான் மறுத்துவிட்டார். தன் சாட்சியையே திரும்பக் கேட்கும் மீள் விசாரணையில் கேட்கலாம் என்றார். அதில் சார்ஜன்ற் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

“இரும்பு உங்கட வீட்டுச் சுவரை விட்டு வெளியில போகாது எண்டு உங்கட ஊரே சொல்லுது. அப்ப இந்தச் சூட்டை வைச்சது ஆர்? பேயோ?”

அங்கே இருந்த சட்டத்தரணிகளுக்கு அது சாதாரணக் கேள்வி. பின் வாங்கில் இருந்த பாவற்குளத்து ஆட்களுக்கு அது அப்படி இல்லை. இரும்பு வெளியே போனது என்று சொன்னால் எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. ஆனால் பதினேழு குடும்பத்தின் மாடும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. தகப்பன் முப்பத்தைந்து வருடம் காத்த பேர், தான் பத்து வருடம் காத்த பேர், இரண்டும் போய்விடும். தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். தெரியாது என்ற சாட்சியை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நேசமலர் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நான் குடுத்தனான் ஐயா. போன வைகாசியில எனக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாமல் கிடந்தனான். வீரையா அண்ணை வந்து காட்டுக்கு ஓட்ட முந்திக் கண்டுகளுக்குச் சுட வேணும் எண்டு இரும்பைக் கேட்டவர். எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு சொன்னனான். மூண்டாம் நாள் கழுவிக் கொண்டுவந்து தந்தவர். ஆரிட்டையும் குடுக்காதை எண்டுதான் அப்பா சொல்லிப்போட்டுச் செத்தவர். நான் குடுத்தனான். அது என்ர பிழை. என்ர பிழைக்கு இந்த ஹமீட் நானா கூண்டில நிக்கிறார்.”

முதலியார் எழுதுவதை நிறுத்தியிருந்தார். நீதவான் சொன்ன பிறகுதான் திரும்ப எழுதத் தொடங்கினார். ஹமீட் எதிரிக் கூண்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அழுதது எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து வீரையா இருந்த கதிரை இப்போது வெறுமையாகக் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு பெருமை ஏறியது. அந்த மனுசி எனக்கு ஒரு உறவும் இல்லை. ஆனால் அவருடைய பெயரை மூன்று தரம் கூப்பிட்டவன் நான்தான் என்று அந்த நிமிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மூன்று கிழமை கழித்துத் தீர்ப்பு. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி எண்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவர்களுடையது, அதை அவர்களின் இரண்டாம் சாட்சியே இல்லாமலாக்கிவிட்டார், எதிரி தன் பக்கத்தைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை என்றார் நீதவான். ஹமீட் விடுதலை. செவலை ஹமீட்டுக்கு. இரும்பு நேசமலருக்கு. வீரையாவின் முறைப்பாட்டைப் பற்றி விசாரிக்கும்படி பொலிஸுக்கு ஒரு கட்டளை.

அன்றைக்கு நேசமலர் வரவில்லை. இரும்பைப் பெற்றுக்கொள்ளும்படி கடிதம் போட்டும் வரவில்லை. வீரையா குத்தகை வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பதிவாளரிடம் சொல்லி, கையெழுத்து வாங்கும் புத்தகத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இரும்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போனால் அவருடைய முற்றத்தில் ஊரே நின்றது. நடுவில் ஒரு சாக்கு விரித்து, பதினாறு இரும்பும் வரிசையாக வைத்திருந்தார் நேசமலர். அவர்தான் எல்லோரையும் கூப்பிட்டு விட்டிருக்கிறார். நான் கொண்டுபோன இரும்பை வாங்கி, புத்தகத்தில் கையெழுத்து வைத்து, அதையும் வரிசையில் வைத்தார்.

“இது வீரையா அண்ணையின்ர. ஆரும் போய் அவரிட்டைச் சொல்லுங்கோ. நீங்களும் உங்கட உங்கடயை எடுத்துக்கொண்டு போங்கோ. வைச்சிருக்கிறதுக்கு எனக்கு இனி முகமில்லை.”

யாரும் குனியவில்லை. மூக்கன் என்கிற ஒரு கிழவர்தான் முணுமுணுத்தார். “ஒருக்காக் குடுத்தனி. இன்னொருக்காக் குடுக்கமாட்டாய் எண்டு என்ன நிச்சயம்?”

“அப்பிடி ஒரு நிச்சயமும் நான் சொல்ல வரேல்லை. அதுதான் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுறன்.”

“கொண்டுபோய் என்ன செய்யிறது?” என்றார் கமலாசனி. புருசனில்லாமல் பன்னிரண்டு மாடு வளர்க்கிறவர். “நாளைக்கு என்ர மாட்டை ஒருத்தன் தன்ரை எண்டால் கோட்டில ஏறி உள்ளதைச் சொல்ல எனக்கு ஆர் இருக்கினம்? உங்களுக்கு ஆர் இருக்கினம் மூக்கண்ணை? அவள் தன்ர பேரையே விட்டுக்குடுத்துச் சொன்னவள்.”

மூக்கனும் தன் இரும்பை எடுக்கவில்லை. நேசமலர் மட்டும் பிடிவாதமாக நின்றார். கதை எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. நான் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். முன்னொரு நாள் சொன்ன புத்தி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் வேலிப் படலையில் சைக்கிள் வந்து நின்றது. ஹமீட். கரியரில் பழைய சாரத்தால் சுற்றிய நீட்டுக் கட்டு ஒன்று. முற்றத்தில் இத்தனை பேரைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு எல்லோருக்கும் நடுவால் வந்து, கட்டை அவிழ்த்து, அந்தச் சாக்கின் ஓரத்தில் வைத்தார். பட்டறையில் அடித்த புது இரும்பு. நெருப்பே காணாதது. நுனியில் “ஹ”.

“என்ட இரும்பு தங்கச்சி,” என்றார். “செவலைக்கு ஒரு கண்டு பிறந்திருக்கு. அடுத்த மாசியில நீங்கதான் சுடணும். அதுவரைக்கும் இதையும் அந்தச் சுவரில தொங்க விடுங்க. நானே வந்து கேட்டாலும் தராதீங்க.”

நேசமலர் அந்த இரும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தின் வளைவு ஓரிடத்தில் கூராக இருக்கிறது, கன்றின் தோலைக் கிழிக்கும், அரம் போட வேண்டும் என்றார். பிறகு குசினிக்குள் போனார். உள்ளே சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. பதினேழு ஆணிதான் அதுவரை அங்கே இருந்தது.